வாசகர் கேள்வி பதில்: நோய் வரும் நேரத்தில் கட்சியை எங்கே வைப்பது?

போன இதழில், எங்கள் பக்கத்து ஊரில் டெங்கு ஒழிப்புக் கூட்டம் ஒன்று இரண்டு கட்சிக்காரர் மேடைக்குச் சண்டை பிடித்ததால் பாதியிலேயே கலைந்ததைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். அந்த நாலு வரிக்கு இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. முப்பது வருடம் பொதுச் சுகாதாரப் பரிசோதகராக, பி.எச்.ஐ. என்று சொன்னால்தான் உங்களுக்குத் தெரியும், மட்டக்களப்பு, அம்பாறை இரண்டு மாவட்டத்திலும் மோட்டார் சைக்கிளில் அலைந்தவன் நான். ஆகவே இந்த முறை பக்கம் முழுவதும் இந்த ஒரு விடயத்துக்கே. மற்றக் கேள்விகள் அடுத்த இதழில்.

கல்லடியிலிருந்து ஓர் ஆசிரியை: சேர், கொரோனா காலத்தில் எங்கள் தெருவில் நிவாரணப் பட்டியலைக்கூட கட்சி பார்த்துத்தான் எழுதினார்கள். எதிரும் புதிருமாக நிற்பவர்கள் ஒரு நோய்க்காக ஒன்றுசேர்ந்தது எங்காவது உண்மையாக நடந்திருக்கிறதா? இல்லை, பிள்ளைகளுக்குக் கட்டுரை எழுதக் கொடுக்கும் தலைப்பு மட்டும்தானா?

நடந்திருக்கிறது தங்கச்சி. அதுவும் அணுகுண்டுகளை ஒருவர் பக்கம் ஒருவர் திருப்பி வைத்திருந்தவர்களுக்கு இடையில்.

பெரியம்மையை எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் பெத்தாவின், அதாவது பாட்டியின், கன்னத்தில் அதன் தழும்பு இருந்தது, அம்மாள் வந்துபோன அடையாளம் என்றுதான் சொல்வார். வைகாசியில் கண்ணகி அம்மன் கோயிலில் கதவு திறந்து, சடங்கு நடத்தி, குளுத்தி பாடி முடிப்பதெல்லாம் இந்த வெப்ப வருத்தங்களிலிருந்து ஊரைக் காக்கத்தான் என்று எங்கள் ஆட்கள் நம்பினார்கள். 1967இல்கூட உலகத்தில் வருடத்துக்கு ஒரு கோடிப் பேருக்கு மேல் பிடித்துக்கொண்டிருந்த நோய் அது. அதை அடியோடு ஒழிக்கலாம் என்று 1958இல் உலக சுகாதார மாநாட்டில் எழுந்து சொன்னவர் சோவியத் யூனியனின் பிரதிச் சுகாதார அமைச்சர் விக்டர் ஷ்தானோவ். அவர் அதைச் சொன்ன இடம் அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரம். 1967இல் வேலை தீவிரமானபோது தலைமை தாங்கியவர் டி.ஏ. ஹென்டர்சன் என்ற அமெரிக்க வைத்தியர். தடுப்பு மருந்தில் பெரும் பங்கை, நூறு கோடிக்கும் அதிகமான அளவை, சோவியத் இலவசமாகக் கொடுத்தது. இதற்கிடையில்தான் கியூபா ஏவுகணை நெருக்கடியும் வியட்நாம் போரும். 1977இல் சோமாலியாவில் கடைசி இயற்கைத் தொற்றைக் கண்டுபிடித்த நேரம் சோமாலியாவும் எதியோப்பியாவும் போரில் இருந்தன. 1980 மே 8ஆம் திகதி, பெரியம்மை உலகத்தில் இல்லை என்று அறிவித்தார்கள்.

அவர்கள் நண்பர்களாகிவிடவில்லை என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும். ஒரே ஒரு வேலையை எடுத்து, இதை மட்டும் சண்டைக்கு வெளியே வைப்போம் என்று ஒத்துக்கொண்டார்கள், மற்ற எல்லாவற்றிலும் சண்டை அப்படியே தொடர்ந்தது. நாங்கள்தான் நோய் வந்தவுடன் கட்சிகள் எல்லாம் கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும் என்று எதிர்பார்த்து, அது நடக்காமல் போனதும் மனம் விட்டுவிடுகிறோம். எங்கள் பகுதியில் முன்பு கொம்புமுறி விளையாடுவார்களே, மழை பொய்த்தாலும் ஊரில் நோய் பரவினாலும் அம்மனுக்காக விளையாடுவது, அதில் ஊரே வடசேரி, தென்சேரி என்று இரண்டாகப் பிரிந்து, ஒருவரையொருவர் வசை பாடி, கொம்பு முறியும்வரை இழுக்கும். யாரும் சேரி மாறச் சொல்வதில்லை. விளையாட்டை வைப்பது எதற்காக என்பது மட்டும் இரண்டு பக்கத்துக்கும் தெரிந்திருந்தது.

1985இல் எல் சல்வடோரில் உள்நாட்டுப் போர் உச்சத்தில் இருந்தபோது, யுனிசெப்பும் கத்தோலிக்கத் திருச்சபையும் நடுவில் நின்று பேசி, மூன்று நாள் துப்பாக்கிகளை நிறுத்தினார்கள். சுமார் இரண்டரை இலட்சம் பிள்ளைகளுக்கு ஊசி போட்டார்கள். அதே மாதிரி அமைதி நாட்களை எங்கள் நாட்டிலும் 1995இலிருந்து போலியோ சொட்டு மருந்துக்காக வைத்தார்கள், உங்களில் நாற்பது வயது தாண்டியவர்களுக்கு ஞாபகம் இருக்கும். நான் அப்போது மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரைக்குப் போய்வந்துகொண்டிருந்தேன். மண்முனைத்துறையில் பாதைக்காக, அதாவது ஆட்களை ஏற்றி அக்கரை சேர்க்கும் மிதவைக்காக, காத்து நிற்க வேண்டும், இப்போது பாலம் இருக்கிறது, அப்போது அந்தப் பாதை ஒன்றுதான். குளிர்ப்பெட்டிக்குள் ஐஸ் உருகிக்கொண்டிருக்கும். இந்தக் கரையில் ஆமிக்காரர் பெட்டியைத் திறக்கச் சொல்வார், அந்தக் கரையில் புலிகளின் பெடியன்கள் திறக்கச் சொல்வார்கள். மூடி திறந்து நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் மருந்துக்குக் கேடு என்று இரண்டு பேருக்கும் ஒரே மாதிரித்தான் விளக்கினேன். கொஞ்ச நாளில் இரண்டு பக்கமும் எட்டிப் பார்த்துவிட்டுத் தாங்களாகவே மூடியை அமர்த்திவிடப் பழகிக்கொண்டார்கள். திருப்பி அனுப்பிய நாட்களும் உண்டு, அதையும் மறைக்க மாட்டேன். ஆனால் 1993க்குப் பிறகு இலங்கையில் போலியோ நோயாளி ஒருவரும் இல்லை, அது திரும்பி வராமல் இருக்கத்தான் இந்தச் சொட்டு மருந்து நாட்கள். அந்த 1993இல் போர் முடிய இன்னும் பதினாறு வருடம் இருந்தது.

மலேரியா இதைவிடப் பெரிய கதை. 1963இல் நாடு முழுவதுக்கும் 17 பேருக்குத்தான் மலேரியா என்று கணக்கு வந்தது, சரி முடிந்தது என்று கையைத் தளர்த்தினோம், நாலைந்து வருடத்தில் இலட்சக்கணக்கில் திரும்பி வந்தது. 1999இலும் இரண்டரை இலட்சத்துக்கு மேல். அதில் பெரும் பகுதி போர் நடந்த வடக்கிலும் கிழக்கிலும்தான். அந்தப் போருக்குள்ளேயே நுளம்பு வலை போனது, மருந்து தெளிப்பவர்கள் போனார்கள், விரல் நுனியில் இரத்தம் எடுத்துக் கண்ணாடித் தகட்டில் பூசிப் பரிசோதித்தோம், வெளிநாட்டு நிதியும் வந்தது, எங்கள் உள்ளூர்த் தொண்டு நிறுவனங்களும் இறங்கின. புலிகளின் பகுதி, அரசாங்கப் பகுதி என்று நுளம்பு எல்லை பார்க்காது என்பது இரண்டு தரப்புக்கும் தெரிந்திருந்தது. 2012 ஒக்டோபருக்குப் பிறகு உள்நாட்டில் தொற்றிய நோயாளி ஒருவரும் இல்லாமல், 2016 செப்டம்பர் 5ஆம் திகதி உலக சுகாதார நிறுவனம் இலங்கைக்கு மலேரியா ஒழிந்த நாடு என்ற சான்றிதழைக் கொடுத்தது. அந்தச் செய்தியைக் கேட்ட அன்று நான் மோட்டார் சைக்கிளை ஓரமாக நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் அழுதேன்.

நோயாளிகளை யார் எண்ணுவது, மருந்தும் சாமானும் எந்த வழியால் போவது, மக்களிடம் யார் பேசுவது. இந்த மூன்றும்தான் சண்டைக்கு வெளியே இருக்க வேண்டும் என்பது என் அனுபவம். உங்கள் தெருவின் நிவாரணப் பட்டியல் இரண்டாவதில் வருகிறது. அதைக் கிராம சேவகரும் குடும்பநல மாதுவும் சேர்ந்து எழுதி, எல்லோரும் பார்க்கும்படி பலகையில் ஒட்டிவிட்டால், கொடுக்கும் நாளன்று எந்தக் கட்சிக்காரர் வந்து படம் எடுத்தாலும் எடுக்கட்டும், பெயரை மட்டும் அவரால் வெட்ட முடியாது.

வாழைச்சேனையிலிருந்து ஒரு வாசகர்: இது அரசியல் பேசும் நேரமில்லை என்று சொல்லித்தான் 2020இல் எங்கள் வாயை அடைத்தார்கள். என் மாமியின் ஜனாஸாவை எரித்த துக்கம் இன்னும் வீட்டில் இருக்கிறது. நீங்களும் அதையே எழுதப்போகிறீர்களா?

இல்லை தம்பி. உங்கள் கடிதத்தை இரண்டு நாள் மேசையில் வைத்திருந்து யோசித்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

கொரோனாவால் இறந்தவர்களை அடக்கவும் செய்யலாம், எரிக்கவும் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டி 2020 மார்ச் 24இலேயே வந்துவிட்டது. எங்கள் நாட்டில் ஏப்ரல் 11இல் எரிப்பதுதான் என்று வர்த்தமானி போட்டார்கள். நிலத்தடி நீரில் கிருமி கலக்கும் என்றார்கள், அதற்கு ஆதாரம் எதுவும் காட்டப்படவில்லை. பத்து மாதத்துக்கு மேல், பிறந்த குழந்தையிலிருந்து வயோதிபர் வரை அந்தச் சட்டத்துக்குள் அகப்பட்டார்கள். 2021 பெப்ரவரி கடைசியில் அது மாறியது, முதலில் இரணைதீவு என்றார்கள், அங்குள்ள மக்கள் எதிர்த்தார்கள், பிறகு மார்ச் 5ஆம் திகதியிலிருந்து உங்கள் பக்கத்து ஓட்டமாவடி மஜ்மா நகரில் நல்லடக்கம் தொடங்கியது. மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் அங்கே இருக்கிறார்கள், முஸ்லிம்களோடு இந்துக்களும் பௌத்தர்களும் கிறிஸ்தவர்களும். 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்டது. அது உங்கள் மாமியைத் திருப்பித் தராது.

ஒரு வைத்திய முடிவை வாக்குக் கணக்குப் பார்த்து எடுத்தால் அதுதான் கட்சி அரசியல். அதற்கு எதிராகக் கேள்வி கேட்டது கட்சி அரசியல் ஆகாது. பொரளை மயான வேலியில் வெள்ளைத் துணி கட்டியவர்களும், நீதிமன்றம் போனவர்களும், பத்திரிகையில் எழுதிய வைத்தியர்களும் நாட்டுக்கு நன்மைதான் செய்தார்கள். நான் எனக்கு வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றுதான்: நான் வாக்குப் போட்ட கட்சி இதையே செய்திருந்தாலும் இந்தக் கேள்வியைக் கேட்பேனா? ஆம் என்றால் கேட்கலாம், சத்தமாகவே கேட்கலாம். இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள், உள்நாட்டில் எல்லாக் கதவும் அடைபட்டிருந்தபோது உங்கள் கையில் ஆதாரமாக இருந்தது வெளியிலிருந்து வந்த அந்த ஒரு வழிகாட்டித் தாள்தான். உலகத்தோடு சேர்ந்து வேலை செய்ய வேண்டும் என்று நான் விடாமல் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

கல்முனையிலிருந்து ஒரு மாணவி, உயர்தரம் உயிரியல் பிரிவு: பெரிய நாடுகள் ஊசி கொடுப்பதே தங்கள் செல்வாக்குக்காகத்தான் என்று எங்கள் சேர் சொல்கிறார். அப்படியென்றால் சர்வதேச ஒத்துழைப்பு என்பது வெறும் பேச்சா? சின்ன நாடு ஏன் தன்னிடமுள்ள கிருமியின் மாதிரியைக் கொடுக்க வேண்டும்?

நல்ல கேள்வி மகள். உங்கள் சேர் சொல்வது பொய்யில்லை. ஆனால் 2021ஐ ஒருமுறை திரும்பிப் பாருங்கள். ஜனவரி 28இல் இந்தியா ஐந்து இலட்சம் ஊசி அன்பளிப்பாக அனுப்பியது, அடுத்த நாளே போடத் தொடங்கினோம். மார்ச் கடைசியில் சீனாவிலிருந்து ஆறு இலட்சம் சினோபார்ம். பிறகு இந்தியாவில் டெல்டா அலை அடித்து ஏற்றுமதி நின்றது, முதல் ஊசி போட்ட ஆறு இலட்சம் பேர் வரை இரண்டாவதற்கு வழி தெரியாமல் நின்றார்கள், என் மூத்த அக்காவும் அதில் ஒருவர், தினமும் எனக்குப் போன் எடுத்து எப்போது வரும் என்று கேட்பார். ஜூலையில் அமெரிக்கா, நாடுகளுக்கு ஊசியைப் பகிர்ந்து கொடுக்கும் கோவாக்ஸ் என்ற சர்வதேச ஏற்பாட்டின் வழியாக, 15 இலட்சம் மொடேர்னா அனுப்பியது. ஜூலை கடைசியில் அதே வழியாக ஜப்பானின் அஸ்ட்ராசெனிகா வந்து இறங்கிய பிறகுதான் அக்காவுக்கு இரண்டாவது ஊசி. இடையில் ரஷ்ய ஊசியும் கொஞ்சம் வந்தது. இந்த நாடுகளில் பாதிக்கு ஒன்றையொன்று பிடிக்காது, அவர்களின் நோக்கத்தில் செல்வாக்கும் கலந்திருந்தது உண்மை, ஆனால் ஒரு நாட்டை மட்டும் நம்பியிருந்தால் அக்காவின் கதி என்ன? பல வாசல் திறந்திருந்ததால்தான் பிழைத்தோம்.

கொடுப்பவருடைய மனதை நாம் சுத்தப்படுத்த முடியாது. கொடுக்கும் முறையை ஒழுங்குபடுத்தலாம். உங்கள் இரண்டாவது கேள்விக்கு இந்தோனேசியா பதில் சொல்லியிருக்கிறது. பறவைக் காய்ச்சல் அங்கே ஆட்களைக் கொன்றுகொண்டிருந்தபோது, தாங்கள் அனுப்பிய கிருமி மாதிரியை வைத்து வேறு நாட்டுக் கம்பனி தடுப்பூசி செய்கிறது, அதை வாங்கத் தங்களிடம் காசில்லை என்று கண்டு, 2007இல் இனி மாதிரி தர மாட்டோம் என்று நிறுத்தியது. பலர் அந்த நாட்டைத் திட்டினார்கள். ஆபத்தான முடிவுதான், ஆனால் அது கேட்ட கேள்வி நியாயமானது. அந்தப் பிடிவாதத்தின் பயனாக 2011இல் இன்ஃபுளுவென்சா கிருமிகளுக்கு மட்டும் ஓர் ஒழுங்கு வந்தது: மாதிரியும் பகிர வேண்டும், அதனால் கிடைக்கும் பயனும் பகிர வேண்டும். கொரோனா இன்ஃபுளுவென்சா இல்லையே, அதனால் அந்த ஒழுங்கு 2020இல் எங்களுக்கு உதவவில்லை.

தென்னாபிரிக்காவுக்கு நடந்தது இன்னும் வேதனை. 2021 நவம்பர் 24இல் ஒமிக்ரோன் பற்றி ஒளிக்காமல் உலகத்துக்குச் சொன்னது. இரண்டு மூன்று நாளில் நாடு நாடாக அங்கிருந்து வருபவர்களுக்குக் கதவை அடைத்தன, எங்கள் நாடும் சேர்த்துத்தான். உண்மை சொன்னவனுக்குத் தண்டனை என்றால் அடுத்த முறை யார் வாய் திறப்பார்?

2025 மே 20இல் உலக சுகாதார மாநாட்டில் பெருந்தொற்று உடன்படிக்கையை ஏற்றுக்கொண்டார்கள். கிருமி மாதிரியைப் பகிர்ந்தால், அந்த ஏற்பாட்டில் சேரும் கம்பனிகள் பெருந்தொற்று நேரத்தில் தாங்கள் செய்யும் ஊசியிலும் மருந்திலும் 20 வீதத்தை உலக சுகாதார நிறுவனத்துக்கு ஒதுக்க வேண்டும், அதில் குறைந்தது பாதி இலவசமாக என்பது அதன் உள்ளே இருக்கும் முக்கியமான யோசனை. விவரங்களை ஒரு பின்னிணைப்பில் பேசித் தீர்க்க விட்டிருக்கிறார்கள், அங்கேதான் பணக்கார நாடும் ஏழை நாடும் உண்மையில் இழுபடும். அமெரிக்காவோ 2025 ஜனவரியிலேயே உலக சுகாதார நிறுவனத்தை விட்டு விலகுவதாக அறிவித்துவிட்டது. பெரியம்மையை ஒழித்த வேலையை முன்னின்று நடத்திய நாடுகளில் ஒன்று அது, ஆட்சி மாற உறவும் மாறுகிறது என்பதைப் பார்க்க எனக்கு வருத்தமாக இருக்கிறது. சோவியத்தும் ஒரு காலம் விலகிப் போய்த் திரும்பி வந்துதான் பெரியம்மையை ஒழிக்கும் யோசனையைச் சொன்னது, ஆகவே கதவை யாரும் இழுத்துப் பூட்டாமல் இருந்தால் நல்லது. நீங்கள் வைத்தியரானால் அந்தப் பின்னிணைப்பை முழுதாக வாசியுங்கள் மகள், நாளைக்கு அதைப் பேசித் தீர்க்கும் மேசையில் எங்கள் நாட்டுக்காக இருக்கப்போவது உங்கள் வயதுக்காரர்தான்.

திருக்கோவிலிலிருந்து ஒரு கடற்றொழிலாளர்: வெளிநாட்டு உதவி வந்தால் இடையில் நிற்கும் கட்சிக்காரர்தான் கொழுக்கிறார். வேண்டாம் என்று சொன்னால் என்ன?

சுனாமியில் எல்லாம் இழந்தவர் என்று எழுதியிருக்கிறீர்கள், அந்தக் கோபத்தை நான் மதிக்கிறேன். அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரம் உயிருக்கு மேல் போனது. அந்தக் கிழமைகளில் அகதி முகாம்களில் கிணறு இறைத்து, குளோரின் போட்டு, மலசலகூடம் வெட்டிக்கொண்டு நின்றவர்களில் நானும் ஒருவன். எந்தெந்த நாட்டு வைத்தியர்கள் எல்லாம் வந்தார்கள் தெரியுமா, பாஷை புரியாமல் கையால் பேசி மருந்து கொடுத்தார்கள். அத்தனை நெருக்கத்திலும் பெரிய தொற்றுநோய் எதுவும் பரவவில்லை. வேண்டாம் என்று சொல்லியிருந்தால் நாங்கள் இன்னும் எத்தனை பேரைப் புதைத்திருப்போம்.

பிழை நடந்தது அதற்குப் பிறகு. உதவியைப் பங்கிட 2005 ஜூன் 24இல் அரசாங்கமும் புலிகளும் பொதுக்கட்டமைப்பு என்ற உடன்படிக்கையில் கையெழுத்திட்டார்கள். அதை எதிர்த்து ஜே.வி.பி. அதற்கு முதலே அரசாங்கத்தை விட்டு வெளியேறியிருந்தது. அதிகம் இழந்த முஸ்லிம் மக்களைக் கையெழுத்திடும் தரப்பாகச் சேர்க்கவில்லை என்ற நியாயமான குறையும் இருந்தது. ஜூலையில் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை போட, அது அப்படியே கிடந்து மடிந்தது. கடல் அடித்த பிறகு, பிணமும் காசும் கண்ணுக்கு முன்னால் இருக்கும்போது, யார் பங்கு எவ்வளவு என்று பேசத் தொடங்கியதுதான் பிழை என்பது என் எண்ணம். முதலே எழுதி வைத்திருக்க வேண்டும், மூன்று இனத்தையும் இருத்தி. மற்றப்படி, அக்கரையில் கட்சிகள் ஒத்துப்போனதும் உண்டு தம்பி: 2022இல் எங்களிடம் மருந்தும் பால்மாவும் இல்லாமல் போன நேரம் தமிழ்நாட்டுச் சட்டசபை எங்களுக்கு உதவி அனுப்ப ஏப்ரல் 29இல் ஒருமனதாகத் தீர்மானம் போட்டது, எதிர்க்கட்சி வரிசையில் இருந்த ஓ. பன்னீர்செல்வம் தன் பங்காக 50 இலட்சம் ரூபாய் தருவதாகச் சொன்னார். மே மாதம் அரிசியும் பால்மாவும் மருந்தும் கப்பலில் வந்தன.

களுவாஞ்சிகுடிப் பக்கத்திலிருந்து ஒரு கோயில் வண்ணக்கர்: உலகம் பெரிது, எங்கள் ஊர் சின்னது. இந்த மாரிக்கு டெங்கு வராமல் இருக்க இரண்டு கட்சிக்காரரையும் எப்படி ஒரே இடத்தில் இருத்துவது?

உங்கள் கோயில் மண்டபத்தில் இருத்துங்கள் ஐயா, கட்சி அலுவலகத்திலோ பிரதேச சபையிலோ வேண்டாம். பக்கத்துப் பள்ளிவாசல் நம்பிக்கையாளர் சபையையும் தேவாலயத்துச் சுவாமியையும் உங்கள் பெயரிலேயே அழையுங்கள். மேடை வேண்டாம், மாலை வேண்டாம், ஒலிபெருக்கி வேண்டாம், எல்லோரும் பாயில் இருக்கட்டும். பேசுவது பி.எச்.ஐ. ஒருவர் மட்டும். ஊரை வட்டாரமாகப் பிரித்து, ஒவ்வொரு வட்டாரத்துக்கும் இரண்டு கட்சியிலும் ஒவ்வொருவரைச் சேர்த்துச் சோடியாக விடுங்கள், ஒருவர் கட்சி வீட்டை மற்றவர் விட்டுவிட்டுப் போக முடியாது பாருங்கள். முட்டையிலிருந்து நுளம்பு பறக்க ஏழு, பத்து நாள் போதும், ஆகவே கிழமைக்கு ஒருமுறை சுற்ற வேண்டும்: பீலி, டயர், சிரட்டை, குரும்பைக் கோம்பை, குளிர்சாதனப் பெட்டிக்குப் பின்னால் உள்ள தட்டு, பூச்சாடித் தட்டு. புகை அடித்தால் பறக்கும் நுளம்பு மட்டும்தான் சாகும், தண்ணீரில் இருப்பது சாகாது, இதை முதல் நாளே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் புகை அடிக்கும் மெசினை யார் கொண்டுவந்தது என்று அதற்கும் உரிமை கொண்டாடுவார்கள். ஐப்பசியில் மழை இறங்கிவிடும். கூட்டத்தைப் புரட்டாசி முதல் கிழமையில் வையுங்கள், எனக்கும் ஒரு சொல் அனுப்புங்கள், களுவாஞ்சிகுடிக்கு பஸ் இருக்கிறது, வந்துவிடுகிறேன்.